ஒரு மில்லிமீட்டர் புள்ளி

என் அருமைப் பட்டுவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட குரல் வேறு கதை சொன்னது. அப்பாவுக்கு மூட்டு வலி தேவலை, அந்தத் தெம்பில் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டிவிட்டார், மூன்று ஸ்குரூ மிச்சம். கேட்டால் கம்பெனிக்காரன் வீணாகப் போட்டது என்கிறார். மெஷின் ஓடுகிறது, ஓடி ஓடிக் குளியலறை வாசல் வரை வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்யும் ஒளி உணரிகளில், வெளிச்சமே படாதபோது கசியும் மின்னோட்டம் ஏதோ பழைய கட்டுரையில் இருப்பதைவிட அதிகமாக வருகிறது, உன் வேலை சுத்தமில்லை என்கிறார் பேராசிரியர், மாதக் கடைசிக்குள் சரிவராவிட்டால் வேலையை நீட்டிக்க மாட்டார்கள் என்றாயே. எந்தக் கட்டுரை என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தப் பொருளில் அப்படி அளந்து எழுதியவள் நான் ஒருத்திதானே. எவ்வளவு அதிகம் என்றதற்கு, "எப்பப் பாத்தாலும் நாலு மடங்குமா" என்றாய். அதுதான் மனதைப் பிடித்துக்கொண்டது. வேலை சுத்தமில்லை என்றால் ஒருநாள் மூன்று வரும், ஒருநாள் ஏழு வரும், தவறாமல் நாலு எப்படி வரும்?

மறுநாளே நான் வேலை பார்த்த பழைய கல்லூரிக்குப் போனேன். ஆய்வகப் பொறுப்பாளர் அலமாரியைத் திறந்துவிட்டார். என் நோட்டும், மின்னோட்டம் அளக்கப் படிகத்தின் மேல் தங்கப் புள்ளி வைக்கப் பயன்படுத்திய துளைத் தகடும் அப்படியே இருந்தன. நோட்டில் என் கையெழுத்தில் 'புள்ளி 1 மி.மீ.' என்று மட்டும் இருக்கிறது, விட்டமா ஆரமா என்று ஒன்றும் இல்லை. கணக்கில் ஆரம் என்று எடுத்திருக்கிறேன். தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், பட்டு, விட்டமே ஒரு மில்லிமீட்டர்தான். என் கணக்கில் புள்ளியின் பரப்பு நாலு மடங்காகி, அதால் வகுத்து எழுதிய கசிவு கால்வாசியாகிவிட்டது. இதே தப்புக்காக வருஷா வருஷம் மாணவர்களைத் திட்டித் தீர்த்தவள் நான். எனக்குப் பேராசிரியர் பதவி வந்ததே அந்தக் கட்டுரையால்தான். வெட்கம் தாங்காமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்வார் என உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ நம்ம பொண்ணா இல்லாம யாரோ ஒருத்தியா இருந்தா எழுதுவியா, மாட்டியா?" என்றார். அன்றைக்கே, கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். அதன் நகலும் நோட்டுப் பக்கத்தின் படமும் இத்துடன் இருக்கின்றன, பேராசிரியர் கையில் கொடு. உன் வேலை சுத்தம், தப்பு என்னுடையது.

அந்த நாலு உன்னையும் எப்போதோ உறுத்தியிருக்கும். இரண்டு வருஷமாக வாய் திறக்காமல் யாருக்காகத் திட்டு வாங்கினாய் என்றும் எனக்குத் தெரியும். அசட்டுப் பெண்ணே, அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை.

எல்லா நலமும் பெற்று நிமிர்ந்து நட. லேசர் அருகே போகும்போது கண்ணாடி போட மறக்காதே. திருத்தத்தில், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று உன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். எடுக்கச் சொல்லாதே, எடுக்க மாட்டேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா