ஒப்படைத்துவிட்டதாக எழுதப்பட்ட என் தம்பியைத் தேடித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ச. எஸ்தர் (வயது 38),
க/பெ சத்யராஜ்,
கிழக்குக் காலனி, தாங்கல்மேடு கிராமம்,
திருப்புட்குழி வழி,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு,
நீதிமன்ற வளாகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: 27.01.2025 அன்று மாலை விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்ட என் தம்பி ப. கமல் (வயது 24) இதுவரை வீடு திரும்பாதது – அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டதாகக் காட்டப்படும் காகிதம் உண்மையல்ல என்பது – உடனே தேடி நீதித்துறை நடுவர் முன் நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பத்து வருடமாகச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளியின் தறியில் கூலிக்குப் பட்டு நெய்கிறேன். எங்கள் பெற்றோர் பரசுராமன், செல்லியம்மாள் இருவரும் உயிரோடு இல்லை. கமலை வளர்த்தது நானும் என் கணவரும்தான். அவனை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. மன்னிக்கவும்.

2. ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்ததும் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் அரசமைப்புச் சட்டத்தைப் படித்து வருகிறோம். வகுப்பை ஆரம்பித்தவள் நான். புத்தகக் கண்காட்சியில் தமிழ்ப் பிரதி ஒன்று வாங்கினேன், அவ்வளவுதான் மூலதனம். ஆளுக்கு ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு புத்தகத்தைப் பார்க்காமல் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நெடுஞ்சாலை நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கும் வடிவு, தீண்டாமையை ஒழித்த பதினேழாம் பிரிவை எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிறு அதை விடவே இல்லை. லோடு ஆட்டோ ஓட்டும் கமல் எப்போதும் தாமதமாக வந்து கதவோரம் உட்காருவான். அவனைச் சீண்டுவதற்காகவே நான் அவனுக்கு 51-ஏ பிரிவை, அதாவது குடிமக்களின் கடமைகளைக் கொடுத்தேன். "இன்னாக்கா, எல்லாரும் உரிமை வாங்கிக்கினு போறாங்க, எனக்கு மட்டும் கடமையா?" என்றான். ஆனால் அடுத்த வாரம் முழுவதையும் ஒப்பித்தான். கேள்வி கேட்டு ஆராய்ந்து அறியும் உணர்வை வளர்ப்பதும் ஒரு கடமை என்று அதில் இருப்பதைக் கண்டுபிடித்து எங்களுக்கே காட்டினான். கூடம் முழுக்க கை தட்டினோம். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. 

3. 26.01.2025 அன்று எங்கள் ஊரில் கிராம சபை நடந்தது. எங்கள் ஊரில் முதலில் தீர்மானப் புத்தகத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானம் என்ன என்பதைப் பிறகு யாரோ எழுதிக்கொள்வார்கள். கமல் எழுந்து, "ஐயா, பக்கம் காலியா இருக்குது. எழுதிப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறோம்" என்று மட்டும் சொன்னான். சத்தம் போடவில்லை, யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பின் அங்கிருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பேனாவைத் தொடவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது. அன்று மாலை ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் என் கணவரை நிறுத்தி, மச்சினனை அடக்கி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

4. மறுநாள் 27-ஆம் தேதி மாலை சுமார் 4.50 மணிக்கு, வடிவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கமலைச் சீருடையில் வந்த இரண்டு காவலர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். என்ன காரணம் என்று அவன் கேட்டதையும், "சும்மா அஞ்சு நிமிசம்பா" என்று அவர்கள் சொன்னதையும் வடிவு நேரில் கேட்டிருக்கிறார். செல்போனை வாங்கிக்கொண்டார்கள். வண்டிச் சாவியை அவன் வடிவிடம் வீசிவிட்டு ஏறினான். வண்டி இன்றும் அந்தக் கடை முன்னால்தான் நிற்கிறது.

5. தகவல் தெரிந்து தறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். மாலை 6.15 மணிக்கு எங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் இருந்தேன். உள் அறை பெஞ்சில் கமல் உட்கார்ந்திருந்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். பேச விடவில்லை. பிரிவு 22-இல் படித்த மூன்றையும் கேட்டேன்: என்ன காரணம், வழக்கறிஞரைப் பார்க்க விடுவீர்களா, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எந்த நடுவர் முன் நிறுத்துவீர்கள். அங்கே எழுத்து வேலை பார்ப்பவர் சிரித்தார். "நீ இன்னாமா, வக்கீலா?" என்றார். இன்னொருவர் தன்மையாகப் பேசினார். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நடம்மா, பின்னாலயே அனுப்பி வெக்கிறோம்" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

6. ஏன் போட்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணவர் கேட்டார், வடிவு கேட்டார், நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் முதலாளிகள் பாவு நூலும் ஜரிகையும் கொடுக்கும்போது ஒரு வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்து வாங்குவார்கள். மேலே என்ன எழுதுவார்கள் என்று எந்த நெசவாளியும் கேட்பதில்லை. கேட்டால் நம்பிக்கை இல்லாதவள் என்று பெயர் வரும், அடுத்த பாவு வராது. பத்து வருடத்தில் எத்தனை தாளில் போட்டிருப்பேன் என்று தெரியாது. நல்ல வார்த்தை சொல்லி ஒருவர் தாளை நீட்டினால் என் கை தானாகப் போகிறது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஞாயிறுதோறும் மற்றவர்களுக்குச் சொன்னவள் நான். எதைப் போட வேண்டாம் என்று என் தம்பி முந்தின நாள் ஊரையே தடுத்தானோ, அதை அவனுக்கு எதிராக நானே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

7. கமல் வரவில்லை. 28-ஆம் தேதி காலை போனபோது, "நேத்தே உங்கிட்ட ஒப்படைச்சாச்சே" என்றார்கள். என் கையெழுத்துக்கு மேல், 27-ஆம் தேதி மாலை 6.40 மணிக்கு என் தம்பியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்ததைக் காட்டினார்கள். படம் எடுக்க விடவில்லை. அவனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று என்னையே கேட்டார்கள். அவசர எண்ணுக்கு அழைத்தேன், உயர் அதிகாரி அலுவலகத்துக்குப் போனேன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் அந்தத் தாள் போய் நிற்கிறது. என் கணவர் காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் மருத்துவமனைகளில் படுக்கை படுக்கையாகத் தேடிவிட்டார். இல்லை.

8. கமலுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. தை மாதப் பனியில் அதிகமாகும். மூச்சுக்கு இழுக்கும் பம்பு அவன் வண்டியிலேயே இருந்துவிட்டது. 28-ஆம் தேதி அதை நிலையத்துக்கு எடுத்துப்போய், அவனிடம் கொடுத்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று கும்பிட்டேன். ஆள் உன்னிடம் இருக்கும்போது மருந்தை எங்களிடம் ஏன் கொடுக்கிறாய் என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஐயா, அந்தப் பம்பு இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

9. நேற்று மாலை வடிவு என் வீட்டுக்கு வந்து சாட்சிக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். பிறகு, "எல்லாம் புக்குல இருக்குதுக்கா, எங்க தேடினாலும் வெளியில இல்லையே" என்றார்.  நான்தான் அவர்களை நம்ப வைத்தேன். எனக்குக் கோபம் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. வாதாடுவதற்காக இதை எழுதவில்லை. வசதி இல்லாதவருக்கும் சட்ட உதவி உண்டு என்று பிரிவு 39-ஏ சொல்வதால், என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே கதவு என்று உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன்.

10. ஆகவே தாங்கள் தயவு செய்து இன்றே, நாளை என்று தள்ளாமல் இன்றே,

அ) அந்தக் காவல் நிலையத்தையும் அதைச் சேர்ந்த இடங்களையும் பார்வையிட ஒரு வழக்கறிஞரை அனுப்பவும்;

ஆ) 27-ஆம் தேதி மாலை 4 மணி முதல் 28-ஆம் தேதி காலை வரையிலான கண்காணிப்புக் கேமரா பதிவு அழிக்கப்படாமல் கைப்பற்றப்படவும். 6.40 மணிக்கு நான் தனியாக வெளியே வந்தது அதில் கட்டாயம் தெரியும்;

இ) என் தம்பி எங்கிருந்தாலும் நடுவர் முன் நிறுத்தப்படவும், மருத்துவர் பார்க்கவும்

ஆவன செய்ய வேண்டுகிறேன்.

11. இவற்றில் எதுவும் முடியாது, கையெழுத்து என்னுடையது, தாள்தான் சாட்சி என்று முடிவு செய்வீர்களானால், இன்னொரு வேண்டுகோள் இருக்கிறது. அந்தத் தாளின்படி கமலைக் கடைசியாகப் பெற்றுக்கொண்டவள் நான். அப்படியானால் அவனைக் காணவில்லை என்பதற்கும் நான்தான் பொறுப்பு. என் மீது வழக்குப் பதிய உத்தரவிடுங்கள். என் வீட்டைச் சோதனை போடட்டும், என்னைக் கைது செய்யட்டும், நடுவர் முன் நிறுத்தட்டும். அவனை எங்கே வைத்திருக்கிறாய் என்று அந்த நீதிமன்றத்தில் என்னைக் கேட்கட்டும். மூன்று நாளாக இந்த மாவட்டத்தில் என் தம்பி எங்கே என்று கேட்க அரசாங்கத்தில் ஒருவர்கூட இல்லை. குற்றவாளியாக என்னை நிறுத்தியாவது யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இணைப்பு: கமலின் புகைப்படம், ஆதார் அட்டை நகல், வடிவு எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம், மருந்துச் சீட்டு நகல்.

நாள்: 29.01.2025
இடம்: காஞ்சிபுரம், தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்கு,
பதில் வரும்வரை இங்கேயே இருக்கும்,
ச. எஸ்தர்
(கமலின் அக்கா)