நாலாவது ஆளுக்கு இடம்

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். போன்ல சொன்னா குரல் உடைஞ்சிடும், அதான் எழுதறேன். "என் மேல இன்னா கோவம்"னு என் வீட்டுக்காரரை நேரா கேக்கச் சொன்னியே, அதுக்குன்னே சனிக்கிழமை லீவு வரட்டும்னு இருந்தேன்.

நேத்து நல்லாதான் போச்சு. காலையில ஆண்டர்சன்பேட்டை போய்க் கறி வாங்கிட்டு வந்தாரு. வறுத்துப் போட்டேன். "உப்பு இருக்குதா"ன்னு கேட்டேன். "இருக்குது"ன்னாரு. சண்டை இல்ல, சத்தம் இல்ல. சாயங்காலம் வரைக்கும் நாங்க பேசினது அவ்ளோதான்.

தினம் இருட்டோட நம்ம கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயிலேறி பெங்களூர் போய், இருட்டினப்புறம் வீட்டுக்கு வர்ற மனுசன். ஆஸ்பத்திரியில கண்ணு காட்டறதுக்கு ஒருதரம் நானும் அவரோட போனேன். அந்த ரயில் பெட்டியில அவரு சிரிச்ச மாதிரி வீட்ல சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. மூணு பேர் சீட்டுல நாலாவதா யாரு வந்து நின்னாலும் நகர்ந்து இடம் கொடுப்பாங்க. அங்க அப்படித்தான் வழக்கம்.

நேத்து சாயங்காலம் சோபாவுல சாஞ்சு தூங்கிட்டிருந்தாரு. எப்படியாவது கேட்டுடலாம்னு பக்கத்துல போய் உக்காந்தேன். கண்ணைத் திறக்கல. தூக்கத்துலயே காலை ஒதுக்கிக்கிட்டு ஓரமா நகர்ந்து, "உக்காருங்க, உக்காருங்க. எங்க இறங்கணும்?"னாரு.

"கோரமண்டல்"னேன்.

"நானும் அங்கதான். வந்தா எழுப்புங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுத் தூங்கிட்டாரு.

நான் எழுப்பல. நீ கேக்கச் சொன்னதையும் கேக்கல. அவருக்கு என் மேல கோவம் ஒண்ணும் இல்லக்கா.

உன் தங்கச்சி