பையோடு நட்ட கன்றுகள்

அனுப்புநர்:
சுரங்கக் காவலாளியின் மகள்,
எட்டாம் வகுப்பு மாணவி,
கடைசி வீடு, சுரங்கப் பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு சுரங்கத்துறை அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: மூடப்பட்ட இரும்புத்தாதுச் சுரங்கத்தில் நிலம் சீரமைக்கப்பட்டதாகச் சான்று வழங்குமுன், நட்ட கன்றுகளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது பெரியவர்கள் எழுத வேண்டிய மனு. எங்கள் குடியிருப்பில் மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். "எழுது, ஆனா மரியாதையா எழுது" என்று சொல்லியிருக்கிறார்.

1. சுரங்கம் மூடியதும் குழியை நிரப்பி, தோண்டியபோது தனியாக எடுத்துவைத்த மேல்மண்ணைப் பரப்பி, அதன்மேல் மரம் வளர்க்க வேண்டும் என்று பள்ளி நூலகத்தில் படித்தேன். அந்த மேல்மண் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் குவியலாகக் கிடக்கிறது. கன்றுகளோ கல்லும் கழிவுமான மண்ணில் நிற்கின்றன.

2. பள்ளி விட்டு வந்ததும் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவேன். முன்பு அது விளையாடும் நேரம். இப்போது என்னோடு விளையாட யாரும் இல்லை. எவ்வளவு ஊற்றியும் காய்ந்துபோன ஒரு கன்றைப் பிடுங்கினேன். வேரோடு பிளாஸ்டிக் பையும் வந்தது. வெளியே போக வழியில்லாமல் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சுருண்டிருந்தது. பக்கத்துக் கன்றிலும் அப்படியே. காய்ந்தவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக நடுகிறார்கள், அவற்றையும் பையோடு. சாலையிலிருந்து பார்த்தால் எப்போதும் பச்சைதான்.

3. கன்று நடும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவன மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "பாப்பா, ஆபீசர் ஜீப்புல வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் பச்சையா நின்னா போதும். நீ போய்ப் பரீட்சைக்குப் படி" என்றார். ஒவ்வொரு பையாகக் கிழித்துக்கொண்டிருக்க நேரமில்லையாம்.

4. சென்ற மழைக்காலத்தில் ஒரு கன்றின் பையைக் கிழித்து, மேல்மண் குவியலின் ஓரத்தில் நட்டேன். இப்போது அது என் தோள் உயரம். ஆகவே கன்றுகள் மேல் குற்றம் இல்லை.

5. சான்று கிடைத்ததும் நிறுவனம் போய்விடும். அப்பாவின் வேலை முடியும், நாங்களும் போய்விடுவோம். அதன்பின் பையைப் பற்றிச் சொல்ல இங்கே ஆள் இருக்காது. கடைசியாகக் குடிபெயர்ந்த என் தோழி, "மரமெல்லாம் வளந்ததும் லெட்டர் போடுடி, கண்டிப்பா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நான் இன்னும் எழுதவில்லை. பொய் எழுத மனம் வரவில்லை.

ஆகவே ஐயா, தாங்கள் ஜீப்பை விட்டு இறங்கி, தாங்களே காட்டும் ஏதேனும் ஒரு கன்றைப் பிடுங்கச் சொல்லிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். மேல்மண்ணைப் பரப்பி, பைகளைக் கிழித்து, மறுபடி நடுமாறு உத்தரவிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். வழி விசாரிக்கத் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். விசாரிக்கவும் தேவையில்லை, விளக்கு எரிகிற வீடு ஒன்றுதான்.

இடம்: குடியிருப்பின் கடைசி வீடு
நாள்: 12 செப்டம்பர்

தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
காவலாளியின் மகள்