முயல்களுக்காக ஒரு மனு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயந்துவிடாதீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முயல்களின் கண்ணில் மருந்து விட்டுச் சோதிப்பார்கள். போன மாதம் ஒரு முயல் வலி தாங்காமல் கூண்டுக் கம்பியில் முட்டிக்கொண்டே இருந்தது. இதை நிறுத்தச் சொல்லி மனு எழுதினேன். கூடப் படிக்கும் ஐந்து பேரும், "நீ முதல்ல கையெழுத்துப் போடு, நாங்க பின்னாடியே போடறோம்" என்றார்கள். கடைசியில் என் கையெழுத்து மட்டும்தான் பேராசிரியரிடம் போனது.

அவர் கோபப்படவில்லை. "மனசு கேக்கலன்னா இங்க வர வேண்டாம்மா" என்றார். இப்போது என் மேஜை மாடிப்படிக்குக் கீழே, காலிக் குப்பிகள் அடுக்கிய அறையில். படிப்பு முடிய ஒரு வருடம் கூடலாம், அவ்வளவுதான்.

சோதனை நிற்கவில்லை. ஆனால் கூண்டு கழுவும் அக்கா நேற்று எட்டிப் பார்த்து, "இப்பல்லாம் வலி தெரியாம இருக்க முதல்ல ஒரு ஊசி போடறாங்க, உன்னாலதான்" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் போய்விட்டார். இந்த வாரம் என்னிடம் பேசியது அவர் ஒருவர்தான்.

அறை குளிர்கிறது, பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள் அம்மா, பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாமல். சாப்பிடும்போது எதிரில் வைத்துப் படிக்கிறேன். ஒரு பக்கம் என்றால் பாதிச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்