சித்தி, அந்தக் கோடு ஏறவில்லை

என் சுமதி சித்திக்கு,

அன்று லாஸ்பேட்டையில், கல்லூரிக்கு எதிரே உன்னை பஸ் ஏற்றிவிட்டபோது நான் சொல்லாதது இது: "சித்தி, உனக்கு ஏதோ சரியில்ல. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நீ ஜன்னல் வழியாகக் கேட்டாய், "பாஸாயிட்டனாடி?" "பாஸ் சித்தி" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போனாய்.

நீ இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நான் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டேன். உளவியலும் வணிக நிர்வாகமும் சேர்ந்த இந்தப் படிப்பை அக்கம்பக்கத்தில் விளக்கத் தெரியாமல் நான் திணறியபோதெல்லாம் நீதான் முந்திக்கொள்வாய். "மனசும் படிக்கிறா, யாவாரமும் படிக்கிறா. நான் ரெண்டையும் வளையல் கடையில நின்னே படிச்சவ. எனக்குத்தான் ஒருத்தனும் பட்டம் குடுக்கல."

அது வெறும் பேச்சில்லை. நேரு வீதிக் கடையில் ஒரு கையைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாய். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும் குடும்பங்களை அவர்கள் வாய் திறக்கும் முன்பே பிடித்துக்கொள்வாய். "சின்னவளுக்கு இப்ப வளையல் அளவு ரெண்டு நாலு ஆயிருக்குமே, அவள கூட்டியாரல?" போன வருஷம் பார்த்த கை, ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பது வரைக்கும் உன் மனதில் இருந்தது.

முதலாண்டு உளவியல் செய்முறைக்கு, சோதனைக்கு உட்கார ஆளுக்கு ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். மற்றவர்கள் ஹாஸ்டல் தோழிகளை அழைத்து வந்தார்கள். அப்படிக் கேட்கிற அளவுக்கு எனக்கு யாரும் நெருக்கமில்லை. உன்னைக் கேட்டேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்து நின்றாய்.

"இன்னாடி, என் மூளைய அளக்கப் போறியாமே. டேப்பு எங்க?"

"சும்மா உக்காரு சித்தி. எல்லாரும் பாக்கறாங்க."

"எம் பேர எழுதலியா?"

"முதல் எழுத்து மட்டுந்தான் எழுதணும். விதி."

"பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்தவளுக்கு ஒத்த எழுத்துதானா!"

பன்னிரண்டு சொற்களை நான் படிக்க வேண்டும், நீ திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் நினைவில் நிற்பது கூடிக்கொண்டே போகும். வரைபடத்தில் கோடு ஏறும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீ முதல் முறை நாலு சொன்னாய். இரண்டாம் முறையும் நாலு. அடுத்தது மூன்று. நான்காம் முறையும் மூன்றுதான். அதோடு "வளையல்" என்றாய். அந்தப் பட்டியலில் வளையல் இல்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய்:

"இப்பதான மொத தடவ படிக்கிற?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் வழக்கமான கேலி என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுகூட முழு உண்மையில்லை. எட்டாவதோடு நின்றவள், அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன், சித்தி. எனக்கு உன்னால் வெட்கமாக இருந்தது. உன்னை அங்கே கூட்டி வந்ததற்காக என்னையே நொந்துகொண்டேன்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் எண்களை அழித்தேன். அதுவொன்றும் புதிதில்லை. எண்கள் சராசரியை ஒட்டி இருந்தால் வாய்மொழித் தேர்வில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். ஆறு, எட்டு, பத்து, பதினொன்று என்று எழுதினேன். கோடு அழகாக ஏறியது. கீழே, "இவரது நினைவாற்றல் இயல்பாக உள்ளது" என்று முடித்தேன். மேடம் சிவப்பு மையில் "மிக நன்று" என்று போட்டார்.

அன்று மதியம் வணிகப் பாடத்தில் வாடிக்கையாளர்களைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. உன்னைப் பற்றித்தான் பேசினேன். கையைப் பார்த்தே அளவு சொல்வது, போன வருஷத்து அளவை நினைவு வைத்திருப்பது, எல்லாம் சொன்னேன். வகுப்பே கை தட்டியது. அங்கேயும் நீ என் சித்தி என்று சொல்லவில்லை. "ஒரு விற்பனையாளர்" என்றேன்.

நூற்றுக்கணக்கான கைகளை நினைவில் வைத்திருப்பவள் பன்னிரண்டு சொற்களை ஏன் விட்டாள்? காலையில் பார்த்ததையும் மதியம் சொன்னதையும் நான் ஏன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை? இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தானே போனேன்?

ஐந்து மாதம் கழித்து நீ கடையிலேயே விழுந்தாய். மூளையில் கட்டி என்றார்கள். "மறதி ஏதாச்சும் இருந்துச்சா? எப்போலேருந்து?" என்று டாக்டர் கேட்டார். அம்மா, "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லா இருந்தா" என்றாள். ஸ்கேன் உறையைப் பிடித்தபடி நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் அதைத் தாங்கும் தைரியம் எனக்கில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் சொல்கிறாள். "ஒரு அடையாளமும் காட்டலியே, அப்படியே போயிட்டாளே." ஒவ்வொரு முறையும் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். நீ அடையாளம் காட்டினாய். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, லீவு போட்டுவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து காட்டினாய். நான்தான் அதை ரப்பரால் அழித்தேன். தன் கண்ணில் எதுவும் படவில்லையே என்று அம்மா தன்னையே திட்டிக்கொள்ள, ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்த நோட்டை எடுத்தேன். நாலு, நாலு, மூன்று, மூன்று என்று எழுதி, கோட்டைத் திரும்ப வரைந்தேன். ஒற்றை எழுத்து இருந்த இடத்தில் உன் முழுப் பெயரை எழுதினேன். நடந்ததைக் கீழே எழுதினேன்.

இனி என் எதிரில் வந்து உட்காருகிற யாருடைய எண்ணையும் என் வசதிக்காக மாற்ற மாட்டேன், சித்தி. என்ன பார்த்தேனோ அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இதை உனக்கு மட்டும் சொன்னால் போதாது என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை அந்த நோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்தாள். பிறகு எழுந்து எனக்குச் சோறு போட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

உன் அக்கா மகள்