துண்டால் துடைத்த கார்

ஏனுங்க,

மொச்சைக் குழம்பு அடுப்பு மேல இருக்குது, சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

பதினோரு மணிக்குக் கார் லோனுக்காக ஃபைனான்ஸ்காரர் ஊட்டைப் பார்க்க வர்றார். ஆதார், பேங்க் புக் எல்லாம் டிவி பக்கத்துல இருக்குது. நான் போன் பண்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க.

சிங்கராயர் அண்ணன்கிட்ட அவர் காருக்கு வெலை பேசக் கரடியூருக்கு நான் மட்டும் போறேன். நேத்துச் சர்ச்சுல பூசை முடிஞ்சு காரைப் பார்க்கப் போனப்ப, அவர் கண்ணு முன்னாடியே அந்தப் பழைய காரை உங்க தோள் துண்டால தொடைச்சீங்களே, அதைப் பார்த்த மனுசன் வெலையைக் கொறைப்பாரா? இருபதாயிரம் கொறைச்சாத்தான் லோன். இல்லீன்னா நமக்குப் பஸ்ஸே போதும்.

இன்பமேரி

துண்டைத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன். கோவமெல்லாம் இல்லீங்க.

நேத்து முன் சீட்டுல நானும் உக்காந்தேனே, உங்களைவிட எனக்குத்தான் அந்தக் கார் மேல நொம்ப ஆசை. என் மூஞ்சில தெரிஞ்சுதுங்களா?