விரலுக்குத் தெரிந்த சிவப்பு

ஜூன் 6

டீச்சரம்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்ததும், பேத்தி உன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியதும் போனில் தெரிந்தது. போனில் நாம் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டுவதே இல்லை. பக்கத்தில் மகள், மருமகன், அழுகிற குழந்தை. அதனால் நீ சொன்னபடி கடிதமே எழுதுகிறேன். படிக்கிற காலத்தில் கட்டுரை எழுதாமல் ஏய்த்த பாவம் இப்போது கழிகிறது.

நான் நலம். பள்ளிக்கூட வேனும் நலம். புதிதாகச் சேர்ந்த பையன் தினமும் அதே வளைவில் வாந்தி எடுக்கிறான். கடிகாரமே வேண்டாம்.

மொட்டை மாடியில் உன் மிளகாய்ச் செடிகள் காய்த்துத் தொங்குகின்றன. தண்ணீர் ஊற்றச் சொன்னாய், ஊற்றுகிறேன். எப்போது பறிப்பது என்று சொல்லாமலே ரயில் ஏறிவிட்டாய். நீ வர ஆகஸ்ட் ஆகும் என்கிறாள் மகள். மிளகாய் அதுவரை பொறுக்குமா? விவரமாக எழுது. பரீட்சை மட்டும் வைக்காதே.

வண்டிக்காரன்


ஜூன் 13

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. மகள் வாசிக்கக் கேட்டாள், தரவில்லை.

நீள மிளகாய் சமையலுக்குப் பச்சையாகவே வேண்டும். காய் உங்கள் நடுவிரல் நீளம் வந்து, தோல் பளபளத்து, அழுத்தினால் விறைப்பாக இருந்தால் பறித்துவிடுங்கள். செடியிலேயே பழுக்க விட்டால், வேலை முடிந்தது என்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பழைய நோட்டைத் திருத்தித் தந்தால்தானே பிள்ளைகள் அடுத்த பாடம் எழுதுவார்கள்.

உருண்டை மிளகாய் வேறு. அதைக் காயவைத்துப் பொடியாக்குவேன். முழுக்கச் சிவக்க வேண்டும். காம்புக்கு அடியில் கொஞ்சம் பச்சை தெரிந்தாலும் சில நாள் விட்டுப் பாருங்கள். ஒரு கேள்வி பாக்கி வைத்து எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையிடமிருந்து நான் விடைத்தாளைப் பிடுங்கியதில்லை. அவசரப்பட்டுப் பறித்தால் காய்ந்ததும் வெளுத்துப்போகும், விதையும் முளைக்காது. கத்தரிக்கோலால் காம்பை வெட்டுங்கள். இழுத்தால் கிளையே கையோடு வரும்.

பறித்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். சில மாதமாகவே சும்மா சும்மா கண்ணைக் கசக்குகிறீர்கள். கேட்டால் தூசி என்கிறீர்கள்.

பேத்திக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உங்கள் டீச்சர்


ஜூன் 22

டீச்சரம்மாவுக்கு,

பாடம் கிடைத்தது. கத்தரிக்கோலோடு மாடிக்குப் போய் உருண்டை மிளகாயை ஒரு கிண்ணம் நிறையப் பறித்தேன். துணி காயப்போட வந்த மாடி வீட்டு நர்ஸ் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன அண்ணே, பச்சையை எல்லாம் பறிச்சுட்டு பழுத்ததைச் செடியிலயே விட்டுட்டீங்க? கிளிக்கு நேர்ந்து விட்டீங்களா?"

சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும் என்றேன். "மணி நாலுதாண்ணே ஆகுது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிரிக்கட்டும்.

ஒரு சந்தேகம். நிறத்தை விட்டால் வேறு அடையாளம் உண்டா? தொட்டுப் பார்த்தால் தெரியுமா?

வேனில் கூத்துதான். முன் சீட்டில் உட்காரும் மூன்றாம் வகுப்புக்காரி புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். "மாமா, சிவப்பு", "மாமா, பச்சை விழுந்துடுச்சு" என்று சிக்னலுக்குச் சிக்னல் கூவுகிறாள். என்னைவிட அவள்தான் வண்டி ஓட்டுகிறாள் என்று மற்றதுகள் கிண்டல். பள்ளிக்கூட வாசல் தூணில் வேன் லேசாக உரசிவிட்டது. கோடுதான். அந்தத் தூணை அங்கே கட்டியவனைச் சொல்ல வேண்டும்.

வண்டிக்காரன்


ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். தெரியும். பழுத்த உருண்டை மிளகாயைக் காம்போடு மெல்ல மேலே தூக்கினால் கணுவில் "டக்" என்று விட்டுக்கொடுக்கும். காய் விடாது, பிடித்துக்கொள்ளும். பழத்தின் தோல் வழவழப்பாக இருக்கும், அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுக்கும். காய் கல் மாதிரி இருக்கும்.

இனி நான் கேட்கிறேன். தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு ஏன் வந்தது?

முப்பது வருடம் கையெழுத்தைப் பார்த்தே பிள்ளையின் காய்ச்சலைக் கண்டுபிடித்தவள் நான். உங்கள் இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எழுத்து முதல் கடிதத்தைவிடப் பெரிது. நாலு மணி வெயிலில் சிவப்பும் பச்சையும் தெரியவில்லை. சிக்னலில் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை. நிறம் தெரியாவிட்டாலும் எது எரிகிறது என்று தெரிய வேண்டுமே. அதற்கும் ஒரு குழந்தை கூவ வேண்டியிருக்கிறது.

நேற்று இதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். "டவர் இல்லை" என்று வைத்துவிட்டீர்கள்.

நாளையிலிருந்து வேனைத் தொடாதீர்கள். காய்ச்சல் என்று சொல்லி லீவு போடுங்கள். கண்ணைக் காட்டுங்கள். என்னிடம் உண்மையை எழுதுங்கள்.

டீச்சர்


ஜூலை 6

டீச்சருக்கு,

கண்ணை எப்போதோ காட்டியாயிற்று. நீ இங்கே இருக்கும்போதே. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறதாம். கண்ணாடி போட்டாலும், அறுத்தாலும் போனது திரும்பாதாம். உன்னிடம் சொன்னால் நீ மகளிடம் போக மாட்டாய். அவளுக்கு அப்போது நீதான் வேண்டும். அதனால் சொல்லவில்லை.

லீவு போட மாட்டேன். அந்தச் சாலையின் பள்ளம் ஒவ்வொன்றும் என் இடுப்புக்குத் தெரியும். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் படியில் நிற்கும் என்று தெரியும். மெதுவாகத்தான் போகிறேன். இந்த வருடம் மட்டும் ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ எழுதியபடியே விரலால் பறித்தேன். நர்ஸ் கிண்ணத்தைக் கிளறிப் பார்த்து, "ஒண்ணுகூடத் தப்பில்லண்ணே" என்றாள். கண் இல்லாமலே இது முடிகிறதென்றால், இத்தனை வருடம் ஓட்டிய சாலை முடியாதா?

வேனை விட்டால் நான் யார்? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற காலடியைக் கேட்டு யார் என்று ஊகிக்கிற ஆள். அதற்குள் என்னைத் தள்ளாதே.

யாரிடமும் சொல்லாதே. சொன்னால் நமக்குள் பேச்சே இல்லை. விளையாட்டுக்கு எழுதவில்லை.


ஜூலை 12

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருந்த வாரம் முழுக்க, காலையில் வேன் கிளம்பும் நேரம் வந்தால் என் கண் கடிகாரத்துக்குப் போனது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே வேறு யாரோ பெற்ற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிளகாய்ச் செடி நின்ற இடத்தில் நிற்கும். உங்கள் விரல் தடவித் தடவி வரும்வரை காத்திருக்கும். தப்பாகப் பறித்தாலும் போவது ஒரு மிளகாய். பந்துக்குப் பின்னால் ஓடி வரும் பிள்ளை அப்படி நிற்காது. அதன் பெயர் உங்கள் இடுப்புக்குத் தெரியாது.

தலைமையாசிரியைக்கு இன்று காலை போன் செய்துவிட்டேன். அவள் என்னிடம் வேலை பழகியவள். இந்தக் கடிதம் வருமுன் சாவியைக் கேட்டிருப்பார்கள். உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் கெஞ்சியிருப்பீர்கள், நான் இன்னொரு நாள் பொறுத்திருப்பேன். அந்த ஒரு நாளை எனக்குக் கொடுத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

எனக்காகத்தான் மறைத்தீர்கள் என்று தெரியும். அதற்காக உங்களைக் கோபிக்கவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மகளிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு அவளே டிக்கெட் எடுத்தாள். 24ஆம் தேதி வருகிறேன். பேசாவிட்டால் பரவாயில்லை. கதவை மட்டும் திறங்கள்.

உங்கள் டீச்சர்


ஜூலை 18

டீச்சருக்கு வணக்கம்,

மாடி வீட்டு நர்ஸ் எழுதுறேன். அண்ணன் எழுதச் சொன்னதோட நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுறேன். "அவகூட நான் பேசலைன்னு முதல்ல எழுதும்மா" என்றார். எழுதிட்டேன்.

சாவி கேட்டு ஆள் வந்தப்போ தரலை. வேனுக்குள்ள போய் உட்கார்ந்துட்டார். கூட்டம் கூடிடுச்சு. கடைசியில அவரேதான் இறங்கினார், யாரும் இழுக்கலை. இறங்கும்போது படி தெரியாம தடுக்கி முட்டியில அடி. சின்னக் காயம்தான், நான் கட்டுப் போட்டேன். அதுவரைக்கும் அவருக்குக் கண்ணு இவ்வளவு மோசம்னு எனக்கே தெரியாது டீச்சர். மிளகாய்க்காகக் கிண்டல் பண்ணினதை நினைச்சா வெட்கமா இருக்கு.

உங்க கடிதத்தையும் நான்தான் வாசிச்சேன். பந்துன்னு வந்த இடத்துல "நிறுத்து" என்றார். அப்புறம் "அதையே திரும்பப் படி" என்றார். இன்னும் கோபமாத்தான் இருக்கார். உங்க பேரை எடுத்தா முகத்தைத் திருப்பிக்கிறார்.

24ஆம் தேதி ரயில் எத்தனை மணிக்கு வருது, எந்தப் பிளாட்பாரம்னு கேட்டு எழுதச் சொன்னார். பதில் கடிதத்துக்கு நேரமில்லை, என் போனுக்குச் சொல்லிடுங்க. தான் கேட்டதா மட்டும் எழுத வேண்டாமாம்.

மாடி வீட்டு நர்ஸ்